தனித்திருக்கும் பிள்ளைக்கு ஒரு நாய்: குட்டி வீட்டுக்கு வரும் முன் யோசிக்க வேண்டியவை

எங்கள் ஒழுங்கையில் நான்கு வீடு தள்ளி ஒரு சிறுவன் இருக்கிறான். வயது ஒன்பது. தாய் குவைத்தில் வேலை செய்கிறார். அவன் அம்மம்மாவுடன் வளர்கிறான். பாடசாலை விட்டால் புலமைப்பரிசில் ரியூசன், ரியூசன் விட்டால் வீடு. பக்கத்து வீடுகள் இரண்டும் கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்களுடையவை. பூட்டிக் கிடக்கின்றன. பந்து விளையாட ஒழுங்கையில் வேறு பிள்ளை இல்லை. பொங்கலுக்குப் பிறகு அவன் தாயிடம் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: நாய்க்குட்டி.

தாய் முகநூலில் ஒரு லப்ரடோர் குட்டி விளம்பரத்தைப் பார்த்து, காசு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மம்மா என்னிடம் வந்தார்.

“தம்பி, குட்டி வந்தால் ஆர் பாக்கிறது? எனக்கு முழங்கால் ஏலாது. நீர் பத்திரிகைக்காரன்தானே, விசாரிச்சுச் சொல்லும்.”

அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி இன்று வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பல வீடுகளில் இருக்கிறது. தாயோ தந்தையோ வெளிநாட்டில், பிள்ளை பேத்தியாருடன், கையில் ஒரு ஸ்மார்ட்போன். போனைக் கொடுத்தவர்கள் அது போதவில்லை என்று தெரிந்த பிறகுதான் நாயை நினைக்கிறார்கள்.

நாய் உண்மையில் உதவுமா என்பதை முதலில் பார்ப்போம். நியூயோர்க்கில் சிறுவர் உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சன், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது யாருடனும் பேசாத ஒரு சிறுவன் அந்த நாயோடு பழகத் தொடங்கியதைக் கண்டார். 1960களின் தொடக்கத்தில் இதைப் பற்றி அவர் எழுதியபோது சக நிபுணர்கள் பலர் அதைப் பகிடியாகவே எடுத்தனர். நாயைத் துணையாக வைத்துச் செய்யும் சிகிச்சைகளின் வரலாறு இன்று அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஒக்ஸிடோசின் கூடுகிறது என்று காட்டினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்போடு தொடர்புடைய ஹோர்மோன் அது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அதே விளைவு தெரியவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் கலிபோர்னியாவில் 5,000க்கும் மேற்பட்ட சிறுவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டது. செல்லப்பிராணி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மேலோட்டமாகப் பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் குடும்ப வருமானம், வீடு போன்றவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. வசதியான வீடுகளில் நாய் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் நன்றாக இருப்பதற்கு அந்த வசதியும் காரணம்.

ஆகவே நாய் தனிமைக்கு மருந்து என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பாடசாலைக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தால் முதலில் ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் போக வேண்டும். நாய் செய்யக்கூடியது வேறு. பாடசாலை விட்டு வரும்போது படலையில் ஒரு உயிர் காத்திருக்கும். மாலையில் அதைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தால் எதிரே வருபவர் நின்று “என்ன பேர்?” என்று கேட்பார். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது சின்ன விசயமல்ல.

எந்த நாய்?

முகநூல் விளம்பரங்களில் எல்லாக் குட்டியும் அழகுதான். ஆனால் அந்த லப்ரடோர் குட்டி ஒரு வருடத்தில் 30 கிலோ அளவுக்கு வளரும். கயிற்றைப் பிடித்திருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். எதிரே பூனை ஓடினால் யார் யாரை இழுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லப்ரடோர் சாதுவான இனம்தான். ஆனால் தினமும் நிறைய ஓட வேண்டும், நிறையச் சாப்பிடும், எங்கள் வெயிலில் களைத்துப்போகும். முழங்கால் ஏலாத அம்மம்மா வீட்டுக்கு அது பொருந்தாது. மூக்குச் சப்பையான பக் போன்ற நாய்களுக்கு வெக்கையில் மூச்செடுப்பதே சிரமம்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. பிள்ளைக்குத் துணையும் வேண்டும், வீட்டுக்குக் காவலும் வேண்டும் என்று ரொட்வைலர் அல்லது ஜேர்மன் ஷெப்பர்ட் எடுத்து, பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி, இரவில் அவிழ்த்துவிடுவது. இப்படிக் கட்டிக்கிடந்தே வளரும் நாய் மனிதரோடு பழக இடம் கிடைக்காமல் பயமும் கோபமும் கொண்டதாக மாறும். அதனிடம் பிள்ளையை விடக்கூடாது. காவல் நாய் வேண்டுமென்றால் அதை வேறாக யோசியுங்கள்.

நான் அம்மம்மாவுக்குச் சொன்னது ஊர் நாய். நடுத்தர உடம்பு, குட்டையான மயிர், எங்கள் காலநிலைக்குப் பழகிய உடல், சோறும் மீனும் சாப்பிடும். சனம் “பறை நாய்” என்று இளக்காரமாகச் சொல்லும். அந்தச் சொல்லில் நாயை விட மனிதரை இழிவுபடுத்தும் பழைய புத்திதான் தெரிகிறது. சந்திக்குச் சந்தி வைரவருக்குக் கோயில் கட்டி, அவருடைய வாகனத்தைக் கல்லால் எறிகிற ஊர் நாங்கள்.

குட்டி எடுப்பதானால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். சந்தையில் பெட்டிக்குள் வைத்திருக்கும் கண் திறந்து கொஞ்ச நாளான குட்டிகளைப் பாவம் பார்த்துத் தூக்கிவந்தால், பிறகு கடிப்பதும் பயப்படுவதும் கூடுதலாக இருக்கும். மூன்று வாரத்திலிருந்து சுமார் மூன்று மாதம் வரை குட்டி உலகத்தைப் பழகும் காலம். அந்த நாட்களில் பிள்ளைகளோடும் மோட்டார்சைக்கிள் சத்தத்தோடும் நல்லவிதமாகப் பழகிய குட்டி பின்னாளில் நிதானமாக இருக்கும். முடிந்தால் தாய் நாயைப் போய்ப் பாருங்கள். அது உங்களை எப்படி வரவேற்கிறது என்பது குட்டியின் நிறத்தை விட முக்கியம்.

ஆனால் குட்டிதான் வேண்டும் என்று ஏன் பிடிவாதம்? ஒன்றிரண்டு வயதான நாயின் குணம் ஏற்கனவே தெரிந்திருக்கும். வீடெல்லாம் மூத்திரம் பெய்யும் காலமும் செருப்புக் கடிக்கும் காலமும் முடிந்திருக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மூன்று தடவை அதனோடு இருக்கவிடுங்கள். நாய் தானாக வருகிறதா, உடம்பைத் தளர்த்தி வாலோடு இடுப்பையும் சேர்த்து ஆட்டுகிறதா என்று பாருங்கள். உடம்பு விறைத்து, பார்வையைத் திருப்பி, உதட்டை நக்கிக்கொண்டு நின்றால் அது விரும்பவில்லை. வாலாட்டுவதால் மட்டும் ஒரு நாய் சினேகம் என்று எண்ண வேண்டாம்.

பெட்டை நாய் வேண்டாம் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அதனால்தான் பெட்டைக் குட்டிகள் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விடப்படுகின்றன, அவைதான் அடுத்த வருடம் கட்டாக்காலிகளாகிக் குட்டி போடுகின்றன. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. பெட்டை நாய் பிள்ளையோடு சேராது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மறைக்கப்படும் கீறல்

நான் அதிக நேரம் எடுத்து அம்மம்மாவுக்கு விளக்கியது விசர்நாய்க்கடி பற்றி. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300க்கு மேற்பட்டோர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதில் அது வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இன்னும் ஒவ்வொரு வருடமும் மரணங்கள் நடக்கின்றன. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். சந்தேகத்துக்குரிய விலங்கிடம் கடிபடுபவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தனிமையில் இருக்கும் பிள்ளையிடம் இதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. நாய் விளையாட்டில் பல்லால் கீறிவிட்டால் அவன் சொல்லமாட்டான். சொன்னால் நாயை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பயம். இருக்கும் ஒரே சினேகிதனைக் காட்டிக்கொடுக்க எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்? எனவே நாய் வீட்டுக்கு வரும் அன்றே பிள்ளையிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: கடித்தாலும் கீறினாலும் உடனே சொல்லு, உனக்கு ஏச்சு விழாது, நாயையும் விடமாட்டோம். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரு தடவை ஏசினால் அடுத்த கீறல் மறைக்கப்படும்.

கீறல்பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். நாயைக் கொல்லவோ கலைக்கவோ கூடாது. கட்டிவைத்து 14 நாள் அவதானிக்க வேண்டும். வீட்டு நாய்தானே, குட்டிதானே என்று விடாதீர்கள். குட்டிக்கும் விசர் வரும், ஒரு தடவை போட்ட ஊசி ஆயுளுக்கும் காக்காது. வருடா வருடம் போட வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊர்களில் நடத்தும் முகாம்களில் காசில்லாமல் போடுவார்கள். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்யவும் அது தேவைப்படும். அந்தப் பதிவுக்கு 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, செய்பவர்கள்தான் குறைவு.

பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். சாப்பிடும்போது தொடுவது, நித்திரையில் எழுப்புவது, கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். கட்டிப்பிடிப்பது பிள்ளைக்கு அன்பு, நாய்க்கு அது சிறை. தனிமையான பிள்ளை அதைத்தான் அதிகம் செய்யும் என்பதால் சொல்கிறேன்.

செலவை அம்மம்மாவும் தாயும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள்: சாப்பாடு, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, பார்வோ உள்ளிட்ட தடுப்பூசிகள், மிருக வைத்தியர். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றை நான் கேட்டேன். நாய் பத்து, பன்னிரண்டு வருடம் இருக்கும். மகனை எப்போதாவது அங்கே கூப்பிடும் யோசனை இருக்கிறதா? தாய் தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் ஊரில் பூட்டிய வீடுகளின் படலையடியில் படுத்துக் கிடக்கும் நாய்களை நான் தினமும் பார்க்கிறேன். 1995 இடப்பெயர்வில் விட்டுவந்த நாயைப் பற்றி இன்றும் குரல் தழுதழுக்கப் பேசும் மனிதர்களைத் தெரியும். விமானம் ஏறும் பிள்ளைக்கும் அது இன்னொரு பிரிவுதான். யார் நாயைப் பொறுப்பெடுப்பார் என்பதை நாய் வரும் முன்பே பேசி முடிக்க வேண்டும். இந்த வீட்டில் அது, சுன்னாகத்தில் இருக்கும் பெரியம்மா என்று முடிவானது.

லப்ரடோர் வரவில்லை. மூலை வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகும்போது விட்டுப்போன ஒரு செம்பட்டைப் பெட்டை, இரண்டு வயதிருக்கும், ஏற்கனவே அம்மம்மா வைக்கும் மிச்சச் சோற்றுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. சிறுவனுக்கும் அதைத் தெரியும், அதற்கும் அவனைத் தெரியும். மிருக வைத்தியரிடம் காட்டி ஊசி போட்டு, கருத்தடையும் செய்தாயிற்று. காலையில் தண்ணீர் வைப்பதும் மாலையில் நடக்கக் கூட்டிப்போவதும் அவன் வேலை, மற்றதெல்லாம் அம்மம்மா. அட்டை சுவாமி அறைக் கலண்டரோடு ஆணியில் தொங்குகிறது, அடுத்த ஊசித் திகதியை அவனே சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறான்.

விறாந்தைக்கு மேல் ஏற அம்மம்மா இன்னும் அதை விடுவதில்லை. வீட்டுப்பாடத்தை அவன் படியில் இருந்து செய்கிறான்.