உங்களுக்குத் தெரியுமா? கோலகங்சார் பள்ளியின் பழைய மாணவர்

மலேசியாவின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று பேராக்கின் அரச நகரான கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கன்றுகளை, அப்போதைய பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ இந்த ஊரில் நட்டார்.

அதே ஊரில்தான் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ கிளிஃபோர்டின் பெயர் தாங்கிய கிளிஃபோர்ட் பள்ளியும் இருக்கிறது. துன் வீ. தி. சம்பந்தன் அங்கே படித்தவர். 1919இல் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த வீராசாமியின் மகனாகப் பிறந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா. எனப்படும் மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தார்.

முதலாளி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி பால்மரம் வெட்டுவோரின் பிள்ளைகளுக்கு எளிதில் எட்டவில்லை. அவர்களுக்காகச் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளி எழுந்ததில் சம்பந்தனின் உழைப்பு பெரிது. 1954இல் அதைத் திறந்துவைத்தவர், அப்போது ஐ.நா. பொதுச்சபைத் தலைவராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்! ஒரு தோட்டப்புற ஊரின் தமிழ்ப்பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய பெருமை!

அடுத்து வந்தது தோட்டத் துண்டாடல். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, அவை துண்டு துண்டாகக் கைமாறின. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். இதைச் சமாளிக்க, 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில் முதலில் வாங்கப்பட்டது, கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.