உங்களுக்குத் தெரியுமா? ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது?

வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டால் எல்லாம் ஒரே பக்கவாதம்தான் என்று நினைக்கிறோம். முதல் சில மணி நேரத்துக்கு அது ஓரளவு சரி. மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று சி.டி. ஸ்கேன் காட்டினால், தகுதியானவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடலாம். கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதற்கே அதில் ஒரு பங்கு போய்விடும். முதலில் 108, சொந்தக்காரர்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தூங்கி எழும்போதே கை வரவில்லையா? நேரக் கணக்கு இரவு நலமாகப் படுத்ததிலிருந்து தொடங்கும்.

அடுத்து, காரணம் தேடும் வேலை. கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு அடைப்பு என்றால் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின். அடைப்பு கடுமையானால் அறுவை சிகிச்சை, முடிந்தால் இரண்டு வாரத்துக்குள். மூளையின் நுண்குழாயில் அடைப்பு என்றால் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதே பாதி வைத்தியம். இதயம் தாறுமாறாகத் துடித்து, அங்கே உறைந்த கட்டி மூளைக்கு ஏறியிருந்தால் ஆஸ்பிரின் போதாது. ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து வேண்டும். அதிலும், சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குப் புது மாத்திரையான ரிவரோக்ஸபானைவிட பழைய வார்ஃபரின் வகையே மேல் என்று 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. விலையும் குறைவுதான். ஆனால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு அடிக்கடி மலையிறங்க வேண்டும்.