பெற்றோல் குடிக்கும் பழைய கார்: குறை எங்கே?



வீட்டுச் செலவை ஒரு கொப்பியில் எழுதிவரும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அரிசி, மீன், பிள்ளைகளின் டியூஷன், கரண்ட் பில் என்று ஒவ்வொன்றும் அதில் ஏறும். அந்தக் கொப்பியில் 'பெற்றோல்' என்ற வரி மட்டும் மாதா மாதம் வளர்ந்துகொண்டே போகிறதா? "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று வீட்டு ஆண்கள் பதில் சொல்லிவிடுகிறார்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

பழைய கார் புதிய காரை விடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அது உண்மை. ஆனால் அதே கார், அதே பாதையில், போன வருடத்தை விட இந்த வருடம் அதிகம் குடித்தால் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்றே அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க முதலில் தேவை ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இருபது லீற்றர் தந்த பாடம்

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் முறை வந்தது. தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர்.

கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் அந்த இருபது லீற்றரில் 240 கிலோமீற்றர் போகும். 8 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் கார் 160இல் நின்றுவிடும். இரண்டு வீட்டுக்கும் கிடைத்தது ஒரே பங்கு. ஒரு வீட்டுக்கு மட்டும் 80 கிலோமீற்றர் இழப்பு!

அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இத்தனை வருடம் பழைய கார்களைத்தான் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டினோம்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

எரிபொருள் எப்படி வீணாகிறது என்பதைப் புரிந்துகொள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கதை ஒன்று உதவும். 1990இல் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் டீசலும் தடைப் பட்டியலில் இருந்தன. யாழ்ப்பாண முஸ்லிம்கள் அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வெளியேற்றப்பட்டு, பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்ததால், அந்த வருடங்களை ஊரில் இருந்து பார்க்கவில்லை. அங்கே ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின!

எப்படி? காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். பெற்றோலைப் போல மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாவதில்லை. குளிர்ந்த எஞ்சினில் அது எரியாது. எரியாத மண்ணெண்ணெய் கரும்புகையாக வெளியே போகும். மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அந்தக் கார்களில் எஞ்சினின் அழுத்தம் குறைவு என்பதால்தான் தாக்குப்பிடித்தன.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? ஆவியாகி, காற்றோடு அளவாகக் கலந்து, சரியான நேரத்தில் பொறி பட்டு எரியும் பெற்றோல்தான் காரை ஓட்டும். மற்றதெல்லாம் காசைப் புகைக்குழாய் வழியே விடுவதுதான். கீழே சொல்லும் சோதனைகளில் பல இந்த ஒரே உண்மையிலிருந்து வருபவை.

முதலில் அளந்து பாருங்கள்

1. பெற்றோல் தாங்கியை முழுதாக நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் போதும். கிலோமீற்றர் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்.

2. பாதித் தாங்கிக்கு மேல் ஓடியபின் அதே செட்டில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி முழுதாக நிரப்புங்கள். எத்தனை லீற்றர் பிடித்தது? இடையில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது? 300 கிலோமீற்றருக்கு 25 லீற்றர் என்றால், லீற்றருக்கு 12.

3. இப்படி மூன்று தடவை செய்யுங்கள். ஒரு தடவைக் கணக்கை நம்பக் கூடாது. "ஆயிரம் ரூபாவுக்கு அடியுங்கோ" என்று அடிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு ஒருபோதும் வராது.

மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் கார் 12இலிருந்து 9க்கு இறங்கினால், 50 லீற்றர் போதுமான இடத்தில் கிட்டத்தட்ட 67 லீற்றர் தேவைப்படும். 17 லீற்றரை உங்கள் கையிலுள்ள ரசீது விலையால் பெருக்கிப் பாருங்கள். கராஜுக்குப் போவதா வேண்டாமா என்பது அப்போது தெரியும்.

பழைய காரில் கிலோமீற்றர் மீற்றர் வேலை செய்யாமல் இருக்கலாம். வேறு அளவு ரயர் போட்டிருந்தால் அது பொய்யும் சொல்லலாம். வீதியோரக் கிலோமீற்றர் கற்களை வைத்து ஒரு பத்துக் கிலோமீற்றர் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

காசு செலவில்லாத சோதனைகள்

*ஓட்டம்:* குடாநாடு தட்டையான நிலம். மலையேற்றத்தின் மேல் பழி போட முடியாது. ஆனால் பள்ளிக்கூடம், சந்தை, மறுபடி வீடு என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டங்களே அதிகம் என்றால் எஞ்சின் சூடேறுமுன் நிறுத்தப்படுகிறது. மண்ணெண்ணெய்க் கதை நினைவிருக்கிறதல்லவா? இரண்டு மூன்று வேலைகளை ஒரே பயணத்தில் சேர்த்துச் செய்தால் அதுவே மிச்சம்.

*சோக்:* காபரேற்றர் உள்ள பழைய காரில் காலையில் இழுத்த சோக்கைத் திரும்ப உள்ளே தள்ளுகிறார்களா? கம்பி துருப்பிடித்து உள்ளே போகாமலும் இருக்கலாம். சோக் இழுத்தபடி ஓடும் கார் பெற்றோலைத் தண்ணீராய்க் குடிக்கும்.

*பிரேக்:* கடல் காற்றில் பிரேக் பாகங்களும் கைப்பிரேக் கம்பியும் துருப்பிடித்து இறுகும். சில கிலோமீற்றர் ஓடி வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றை விட அதிகம் சுட்டால் அங்கே பிரேக் விடுபடவில்லை. இது விபத்தையும் கொண்டுவரும் குறை, தள்ளிப்போடாதீர்கள்.

*ரயர்:* காற்றைக் காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது சாரதிக் கதவோர ஸ்டிக்கரிலோ கைநூலிலோ இருக்கும். 10 இறாத்தல் குறைந்தால் சுமார் 2 சதவீதம் பெற்றோல் வீண். அதைவிட ரயர் தேய்வதுதான் பெரிய நட்டம்.

*கசிவு:* இரவில் காருக்குக் கீழே ஒரு காட்போட் மட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் உண்டா? பெற்றோல் வாசம் வருகிறதா? வந்தால் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அருகே அடுப்பும் நெருப்புக்குச்சியும் கூடாது. உடனே ஆளை அழையுங்கள்.

கேத்தலும் ரேடியேட்டரும்

குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், அதனால் வரும் படலம் அது. அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அப்படியே படியும். கார் சூடேறத் தொடங்கும்.

இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. சூடேறும் காரில் தெர்மோஸ்டாட் என்ற சிறு வால்வைச் சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் வேகமாகச் சூடேற உதவுவது அந்த வால்வுதான். அது இல்லாவிட்டால் சிறு ஓட்டங்களில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. பெற்றோல் சரியாக ஆவியாகாது. கால் மணி நேரம் ஓடிய பிறகும் வெப்ப முள் அடியிலேயே கிடந்தால் "தெர்மோஸ்டாட் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டுவதே சரியான வைத்தியம். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்!

கராஜில் பார்க்க வேண்டியவை

காற்று வடிகட்டியில் செம்மண் தூசு அடைத்தால் காபரேற்றர் காரில் கலவை தடித்துப்போகும். பிளக்கைக் கழற்றச் சொல்லி நிறத்தைப் பாருங்கள்: இளம் பழுப்பு நல்லது, உலர்ந்த கரி பெற்றோல் அதிகம் என்று சொல்கிறது, ஒயில் பிசுபிசுப்பு எஞ்சின் தேய்வைச் சொல்கிறது. எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இன்ஜெக்ஷன் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்கேனர் போட்டுக் கோட் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒட்சிசன் சென்சர் அல்லது வெப்ப சென்சர் பழுதானால் கம்ப்யூட்டர் தவறாகப் பெற்றோல் விடும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. எஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது; நான்குக்கும் காசு கொடுத்திருப்பீர்கள்.

சகோதரிகளே! "அண்ணை, தை மாதம் லீற்றருக்கு 12 ஓடினது, இப்ப 9தான். ரயர் பார்த்தாச்சு, கசிவு இல்லை, பின் இடது சக்கரம் மட்டும் சுடுகுது" என்று நீங்கள் கொப்பியை விரித்துச் சொன்னால், நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உறவுகளைப் பார்க்கப் பழைய வேனில் போய்வரும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அதிகம் உதவும். அடுத்த முறை தாங்கியை முழுதாக நிரப்பும் நாளிலேயே முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.