சிரைகளைக் காப்பதும் சிகிச்சைதான்

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் இயந்திரம் கிடைத்தால் மட்டும் போதாது. நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்பச் செலுத்த உடலில் ஒரு வழி வேண்டும். 1966-ல் நியூயார்க் மருத்துவர்களான பிரெசியா, சிமினோ குழுவினர் விவரித்த ஃபிஸ்துலாவே இன்றும் அதற்குச் சிறந்த வழி. கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவைச் சிகிச்சை அது. ஆனால் அந்தச் சிரை தடித்து ஊசியைத் தாங்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். நம் நாட்டிலோ பெரும்பாலோர், மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வரும் நாளில்தான் டயாலிசிஸைத் தொடங்குகிறார்கள். அப்போது கழுத்திலோ மார்பிலோ தொடையிலோ உள்ள சிரையில் கதீட்டர் என்ற குழாயைப் போட்டு உயிரைக் காப்பாற்றுகிறார்கள். அதே கதீட்டர், தான் கிடக்கும் சிரையைச் சுருக்கிவிடவும் கூடும். அந்தச் சேதம் பல மாதங்கள் வெளியே தெரியாது என்பதால்தான், சிரைகளைப் பற்றிய யோசனை டயாலிசிஸுக்கு வெகு முன்பே தொடங்க வேண்டும்.

சிரையின் உட்சுவர் மிக மென்மையானது. ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் மூச்சிலும் கதீட்டர் அதில் உரசுகிறது. இயந்திரத்தின் வேகத்தில் ரத்தம் சுழன்று மோதுகிறது. காயம்பட்ட இடத்தில் ரத்தம் உறைகிறது, தசைச் செல்கள் பெருகுகின்றன, வழி குறுகுகிறது. கதீட்டர் எந்தச் சிரையில் போடப்பட்டது, எத்தனை நாள் இருந்தது, எத்தனை முறை மாற்றப்பட்டது என்பவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். 1991-ல் வெளியான ஓர் ஆய்வு, காறையெலும்புக்கு அடியிலுள்ள சிரையில் கதீட்டர் போடப்பட்ட 50 பேரையும் கழுத்துச் சிரையில் போடப்பட்ட 50 பேரையும் ஒப்பிட்டது. முதல் பிரிவில் 42 சதவீதத்தினருக்கும், இரண்டாவதில் 10 சதவீதத்தினருக்கும் சிரை சுருங்கியிருந்தது. வலது கழுத்துச் சிரை ஏறக்குறைய நேராக இதயத்துக்கு இறங்குவதால் உரசல் குறைவு; மருத்துவ வழிகாட்டுதல்கள் அதை முன்னிறுத்தக் காரணம் இதுவே.

சுருங்கிய சிரை சாதாரணமாகத் தொல்லை தராது. கையிலிருந்து திரும்பும் சிறிதளவு ரத்தம் பக்கக் கிளைகள் வழியே போய்விடும். அதே கையில் ஃபிஸ்துலா அமைத்து, நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் பாயத் தொடங்கும்போதுதான் அடைப்பு வெளிப்படுகிறது. கை வீங்கி வலிக்கும்; மார்பில் சிரைகள் புடைக்கும்; டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்தால் ரத்தம் எளிதில் நிற்காது. பலூனால் சிரையை விரிக்கலாம், ஸ்டென்ட் வைக்கலாம். ஆனால் சுருக்கம் பெரும்பாலும் திரும்பி வருகிறது. வேறு வழியில்லாதபோது, நன்றாக வேலை செய்யும் ஃபிஸ்துலாவையே கட்டி மூட நேர்கிறது.

உயிர் ஊசலாடும் நேரத்தில் சிரையைப் பற்றி யோசிக்க முடியுமா என்று கேட்கலாம். அந்த நேரத்தில் கதீட்டரைத் தவிர்க்க முடியாதுதான். ஆனால் அதை எந்தச் சிரையில் போடுவது, எவ்வளவு விரைவில் எடுப்பது என்று அப்போதும் தேர்ந்தெடுக்க முடியும். காறையெலும்புக்கு அடியில் போட்டால் கழுத்தைத் தாராளமாகத் திருப்பலாம், சட்டைக்குள் மறைந்திருக்கும் என்பதும் உண்மையே. ஆனால் சில வார வசதிக்காகப் பல ஆண்டுகளுக்கு வேண்டிய கையை ஈடு வைப்பது சரியல்ல. முன்கூட்டியே ஃபிஸ்துலா அமைத்தால் சிலருக்கு அது பயன்படாமலே போகலாம் என்ற தயக்கத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15–20 மில்லி அளவுக்கு இறங்கி, மேலும் சரிந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

அறுவைச் சிகிச்சைக்குக் காலம் பார்க்கலாம். சிரையைக் காக்கக் காலம் பார்க்க வேண்டியதில்லை, செலவும் இல்லை. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறத் தொடங்கியவருக்கு ரத்தம் எடுக்கவும் டிரிப்ஸ் ஏற்றவும் புறங்கையே போதும். முன்கையையும் முழங்கை மடிப்பையும் விட்டுவைக்க வேண்டும். கையிலிருந்து மார்பு வரை செல்லும் நீண்ட குழாய்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வரும் செவிலியரிடம், "எனக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது, புறங்கையில் குத்துங்கள்" என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அதை அவருக்குச் சொல்லித்தரும் பொறுப்பு மருத்துவருடையது.