கொஞ்சம் தின்றால் என்ன?



இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது ஒரு சமோசாத் துண்டு. சிரித்துவிடாதீர்கள், விஷயத்தைக் கேளுங்கள்.

என் தங்கையின் மூத்த மகளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. சின்ன வயதிலிருந்தே நோஞ்சான் பிள்ளை. அவளுக்கு இளையவள் அவளைவிட உயர்ந்து வளர்ந்துவிட்டாள். சாப்பிட்டால் வயிறு ஊதிக்கொள்ளும், அடிக்கடி வயிற்றோட்டம், வாயெல்லாம் புண். இரத்தம் குறைவு என்று ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் கண்ணூறு என்றார். நானும் தண்ணீர் ஓதிக் கொடுத்தவன்தான். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டோமே, அதுதான் தவறு.

கடைசியில் கொழும்பில் ஒரு வைத்தியர் அவளுடைய பழைய துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஓர் இரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துச் சோதித்தார்கள். "சீலியாக்" என்றார். இதற்கு மருந்து இல்லை, கோதுமை, பார்லி, ரை என்ற தானியங்களை வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அடுத்து வந்த ரமழானில் எங்கள் வீட்டு இப்தாருக்கு அவள் வந்தபோது, பிள்ளை பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நிறுத்திக்கொண்டதைப் பார்த்து மனம் கேட்காமல் என் கையாலேயே அவள் பீங்கானில் ஒரு சமோசாவை வைத்தேன். "பிஸ்மி சொல்லித் தின்னுங்க மகள், கொஞ்சம் தின்றால் என்ன?" என்றேன். உம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். மார்க்கம் படித்த மாமாவின் சொல்லை மீற முடியாமல் பாதியைத் தின்றாள். அன்றிரவு சுபஹ் வரை அவள் படுக்கவில்லை. அடுத்த இரண்டு நோன்புகளையும் அவளால் பிடிக்க முடியவில்லை. அந்த இரண்டுக்கும் நான்தான் காரணம்.

அந்தப் பாதிச் சமோசாவுக்குள் என்ன இருந்தது என்பதை உங்களுக்கு விளங்கப்படுத்துவது எளிது. ஏனென்றால் உங்களில் பலர் அதைக் கையால் தொட்டிருக்கிறீர்கள். மஸ்கத் கிண்டுவதற்குக் கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவிக் கழுவிப் பால் எடுப்பீர்களல்லவா? கடைசியில் ரப்பர் போல ஓர் உருண்டை கையில் மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன் என்ற புரதம். பரோட்டா மாவை வீசும்போது கிழியாமல் விரிவதும், பாண் பொங்கி நிற்பதும் அதனால்தான். (உருண்டையைத்தான் எறிந்துவிட்டோமே, மஸ்கத் தின்னலாமா என்று கேட்காதீர்கள். என் தங்கை கேட்டாள். கூடாது. எவ்வளவு கழுவினாலும் பாலில் கொஞ்சம் தங்கிவிடும்.)

நமக்கு ஒன்றும் செய்யாத அந்தப் புரதத்தை இந்த நோயாளியின் உடம்பு எதிரியாக நினைக்கிறது. அதை எதிர்க்கப் போய் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்கிறது. குடலின் உட்புறத்தில் துவாலையின் நூல் முடிச்சுகள் போலச் சடைமுளைகள் இருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவைதான். அவை தேய்ந்து மட்டமாகிவிட்டால் என்னதான் ஊட்டினாலும் இரும்பும் கல்சியமும் உடம்பில் சேராது. ஆகவே இது வெறும் வயிற்று நோயல்ல. சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இருக்காது. இரத்தச் சோகையாக, வளர்ச்சிக் குறைவாக, எலும்புத் தேய்வாக, அடிக்கடி கரு கலைவதாக மட்டும் வெளியே தெரியும். "இவளுக்குப் பிள்ளை தங்கவில்லை" என்று ஊர் பேசும் பெண்களில் சிலருக்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

1888ஆம் ஆண்டிலேயே லண்டனில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இந்நோயை எழுதிவைத்து, இதைக் குணப்படுத்த முடியுமானால் அது உணவால்தான் முடியும் என்றும் சொல்லியிருந்தார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் டிக்கே. பாண்தான் காரணமோ என்ற சந்தேகம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கொடும் பஞ்சம். பாண் கிடைக்கவில்லை. நாடே பட்டினியில் வாடியபோது இந்த நோயாளிப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் விழுந்தார்கள். 1950இல் அவர் தமது ஆய்வை வெளியிட்டார்.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்று நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. அல்ஜீரியாவின் திந்தூப் பாலைவனத்தில் அகதி முகாம்களில் வாழும் மேற்கு சஹாரா முஸ்லிம்களின் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 5 பேருக்கும் மேல் இந்நோய் இருந்தது. உலகில் பொதுவாக நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஒட்டகப்பாலும் இறைச்சியும் பேரீச்சம்பழமும் உண்டு வாழ்ந்த சமூகம் அது. பிற்காலத்தில் கோதுமையே பிரதான உணவாயிற்று, முகாமுக்கு வரும் நிவாரணமும் கோதுமை மாதான். இந்தியாவில் கோதுமை உண்ணும் வடபுலத்தில் இந்நோய் அதிகம், சோறு உண்ணும் தென்புலத்தில் மிகக் குறைவு. சோறு உண்ணும் நம்மவர்க்கும் இது அரிதாகவே தெரியவருகிறது. அரிது என்பதாலேயே வைத்தியர்களுக்கும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு "என் பிள்ளைக்கும் இதுதான்" என்று நாளைக்கே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பின் சோதித்தால் இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்துவிடும். முதலில் பரிசோதனை, அதன் பிறகுதான் பத்தியம்.

பத்தியம் என்றால் நமக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பின் நாற்பது நாள். இது ஆயுளுக்கும். ஆனால் அல்லாஹ்வின் அருளால் நமது அடுப்பங்கரை இதற்குப் பாதி தயாராகவே இருக்கிறது. சோறு, ஆணம், அரிசி மா இடியப்பம், குரக்கன், சோளம், மரவள்ளி, பயறு, கௌபி, மீன், முட்டை, இறைச்சி எல்லாம் ஆகும். வட்டிலப்பம் தாராளமாக ஆகும். சிக்கல் எங்கே என்றால், பெயரில் மறைந்திருக்கும் கோதுமையில். ரவை கோதுமை. சேமியா கோதுமை. "ஆட்டா மா வேறுதானே" என்று கேட்ட மாமிமார் உண்டு. வேறல்ல, அதுவும் கோதுமையே. கடையில் வாங்கும் வெள்ளை இடியப்பத்திலும் பிட்டிலும் தோசையிலும் கோதுமை மா கலந்திருப்பது சாதாரணம். சோயா மீட், சோயா சோஸ், கட்லட்டில் பிரட்டும் ரஸ்குத் தூள், கூட்டுப் பெருங்காயம் எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். மோல்ட் பானங்கள் பார்லியில் செய்பவை. மாத்திரை வாங்கும்போதுகூட மருந்துக் கடையில் கேட்க வேண்டியிருக்கிறது.

பாத்திரத்தையும் கவனிக்க வேண்டும். ரொட்டி சுட்ட கல்லில் அவளுக்கு அரிசி ரொட்டி சுடக் கூடாது. சமோசா பொரித்த எண்ணெயில் அவளுடைய மீனைப் பொரிக்கக் கூடாது. கோதுமை மா அரித்த அரிதட்டில் அரிசி மாவை அரிக்கக் கூடாது. இவ்வளவு நுணுக்கமா என்று எனக்கும் தோன்றியது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பழுதாகிறது என்று சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஒரு பாண் துண்டைப் பிய்க்கும்போது உதிரும் தூளைப் பாருங்கள், கணக்கு அவ்வளவுதான்.

"விருந்தில் கொடுத்ததை மறுப்பது அழகா?" என்று என் மனைவியே கேட்டாள். நான் மாணவர்களுக்கு நடத்தும் ஹதீஸ் ஒன்று அப்போதுதான் உறைத்தது. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த அலீ (ரழி) அவர்கள் பேரீச்சங்குலையிலிருந்து உண்ணப் போனபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, பின்னர் சமைத்து வந்த பார்லியும் கீரையும் கலந்த உணவை உண்ணச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது இருக்கிறது. அதே பேரீச்சம்பழத்தை நபியவர்கள் உண்டுகொண்டுதான் இருந்தார்கள். ஒரே ஸஹனில் ஒருவருக்கு ஆகுமானது இன்னொருவருக்கு ஆகாமல் போகலாம். அலீ (ரழி) அவர்களுக்குப் பொருத்தமாயிருந்த பார்லி என் மருமகளுக்கு நஞ்சு. சுன்னத்தான மருந்து என்று சொல்லித் தல்பீனாக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க வந்தார்கள் ஒரு நல்ல மனிஷி. அதுவும் பார்லிதான். அவர்களிடம் இந்த ஹதீஸைச் சொல்லித்தான் தடுத்தேன்.

கலியாணப் பேச்சு வந்தபோதுதான் வீட்டில் பெரிய கலக்கம். மறைத்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னோம். இது தொற்றாது. பத்தியத்தைப் பேணினால் குடல் ஆறும். கவனிக்காமல் விட்டால்தான் பிள்ளைப்பேற்றில் சிக்கல் வரும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் பத்தில் ஒருவர் அளவுக்கு வரக்கூடும், எனவே நாளை பிள்ளைகளையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒன்றையும் விடவில்லை. ஒரு கிழமை பதில் இல்லை. என் தங்கை தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லை.

எட்டாம் நாள் மாப்பிள்ளையின் உம்மா தனியாக வந்தார். மருமகளைப் பக்கத்தில் இருத்தி, "மகள், இடியப்பத்துக்கு நீங்க எந்த மா எடுக்கிற?" என்று கேட்டார். ஆலையில் கோதுமை அரைத்த கையோடு நமது அரிசியைப் போடக் கூடாது என்று அவள் சொன்னாள். "அப்ப நான் வீட்டிலேயே இடிச்சி வச்சிக்கிறன்" என்றார் அந்தத் தாய். புதிதாக ஓர் இடியப்ப உரலும் அரிதட்டும் வாங்கித் தனியே எடுத்து வைத்திருக்கிறாராம்.

வலீமா வருகிற மாதம், இன்ஷா அல்லாஹ். மணமகளின் ஸஹனில் அவளோடு இருக்கப்போகும் ஐந்து பெண்களும் அன்று கோதுமை தொடுவதில்லை என்று தாமாகவே பேசிவைத்திருக்கிறார்கள். பண்டாரிக்கு வேறு எண்ணெய், வேறு தாச்சி கொடுக்கும் வேலை என்னுடையது.