கோட்டையின் சுவர் யாருடையது? முப்பரிமாணக் கலையில் இறங்கும் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு

டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் எழுப்பிய ஜெல்ட்ரியா கோட்டை இன்று வெறும் மேடும் புதரும். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டமும், அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளும், பெரிய பள்ளிவாசலின் நிழல் கடிகாரமும், செம்புராங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் மிஞ்சியிருக்கின்றன. இடிந்துபோன கோட்டையைக் கணினியில் எழுப்பிப் பார்க்கும் ஆசை கோட்டைக்குப்பத்துப் பிள்ளைக்கு வருவதில் வியப்பில்லை. முப்பரிமாண மாதிரிகளை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளும் இலவசம்தான். ஆனால் எங்கிருந்தோ இறக்கிய கோட்டை மாதிரியைத் திறந்தால் அது நூறு மடங்கு பெருத்தோ சிறுத்தோ வந்து நிற்கும், அல்லது குப்புறப் படுத்திருக்கும். ஒரு மென்பொருள் சென்டிமீட்டரில் கணக்கிடுகிறது, இன்னொன்று மீட்டரில். ஒன்றுக்கு மேல்திசை ஒய் அச்சு, மற்றதற்கு இசட் அச்சு. இவை இரண்டும் இறக்குமதி அமைப்பில் சரிசெய்துவிடக்கூடியவை. சுவர்கள் முழுக்க அடர் இளஞ்சிவப்பாகத் தெரிவதுதான் பெரிய தலைவலி. மாதிரிக் கோப்பு கட்டடத்தின் வடிவத்தை மட்டும் சுமந்து வந்திருக்கிறது. செங்கல், காரை, மரம் என்று சுவருக்குத் தோல் போர்த்தும் டெக்ஸ்சர் படங்கள் செய்தவரின் கணினியிலேயே தங்கிவிட்டன என்று அதற்குப் பொருள்.

சட்டச் சிக்கல் உள்ளே நுழைவதும் அந்த இளஞ்சிவப்பு வழியாகத்தான் என்பது என் வாதம். படம் காணவில்லை என்றதும் கை தானாகக் கூகுளுக்குப் போகிறது; ‘பழைய செங்கல் சுவர்’ என்று தேடி, முதலில் வந்த படத்தை எடுத்து ஒட்டிவிடுகிறது. அந்தப் படத்தை எடுத்தவருக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உண்டு. அதற்கு அவர் எங்கும் பதிவு செய்திருக்கத் தேவையில்லை. படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. மீறல் தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம்வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. தொடக்கநிலைக் கலைஞர் யாரும் ஒரு செங்கல் படத்துக்காகச் சிறைக்குப் போகப்போவதில்லை, மிரள வேண்டாம். ஆனால் விற்ற மாதிரி தளத்திலிருந்து நீக்கப்படுவதும், வேலை கொடுத்த நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கேட்பதும் நடக்கக்கூடியவை. தொலைந்த படத்துக்கு நேர்வழியே இருக்கிறது. பிளெண்டரின் கோப்புப் பட்டியில் வெளித்தரவுப் பகுதியில் காணாமற்போன கோப்புகளைத் தேடும் வசதி உண்டு. படங்களை உள்ளேயே பொதிந்துவரும் ஜி.எல்.பி. வடிவத்தில் இறக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழுவதே இல்லை. கோப்போடு பைத்தான் நிரலும் வரக்கூடும் என்பதால், முன்பின் தெரியாதவரின் பிளெண்டர் கோப்பில் நிரலைத் தானாக இயங்க விடாதீர்கள்.

நானூறு ஆண்டுக் கோட்டைக்கு இன்று யார் உரிமை கொண்டாட முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படைத்தவர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் கட்டடக்கலை உட்பட எந்தக் கலைப்படைப்பும் பொதுவுடைமையாகிவிடும். ஜெல்ட்ரியாவை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் அதை அளந்து, கற்பனை செய்து ஒருவர் உருவாக்கிய மாதிரி தனிப் படைப்பு. பழவேற்காட்டாருக்கு இது புதிதல்ல. ஏரி தனியொருவரின் சொத்து இல்லை, ஆனாலும் எந்த நாளில் எவர் எங்கே வலை கட்டலாம் என்பதை மீனவர்களின் பாடு முறை தீர்மானிக்கிறது அல்லவா? உள்ளதை உள்ளபடியே ஸ்கேன் செய்ததற்கும் உரிமை உண்டா என்பது வாதத்துக்குரியதுதான். வெறும் உழைப்பு போதாது, சிறிதளவாவது படைப்பூக்கம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், பதிவிறக்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனை ஒப்பந்தமாக உங்களைக் கட்டும். நேற்றுக் கட்டிய கட்டடத்தின் கதை வேறு. அதை ஓவியமாகவோ புகைப்படமாகவோ எடுக்கச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கிறது. முப்பரிமாண மாதிரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கட்டடக் கலைஞரிடம் கேட்டுவிடுவதே நல்லது.

‘கற்றுக்கொள்ளத்தானே செய்கிறேன்’ என்பது அடுத்த மறுப்பு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாள்வதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் பயிற்சி செய்யும்வரை அந்த வாதம் நிற்கும். பிரச்சினை என்னவென்றால், பயிற்சிக்குச் செய்ததே ஆறு மாதம் கழித்து வேலை கேட்கும் தொகுப்பில் ஏறுகிறது, பிறகு விலைக்கும் போகிறது. அப்போது எந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்பது எவர் நினைவிலும் இருக்காது. ஆகவே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் வகையை முதல் நாளே பாருங்கள். சி.சி. ஜீரோ என்றால் தடையில்லை. பாலி ஹேவன், ஆம்பியன்ட் சிஜி தளங்களின் டெக்ஸ்சர்கள் இந்த வகை. பி.ஒய். என்றால் பெயர் குறிப்பிட வேண்டும். என்.சி. என்றால் வணிகத்துக்கு ஆகாது. உரிமப் பக்கத்தைப் படம்பிடித்து மாதிரி இருக்கும் அதே கோப்புறையில் போட்டுவையுங்கள்.

இதைவிட நல்ல வழி, சுவரை நீங்களே படமெடுப்பது. ஐரோப்பியச் செங்கல் படத்தை ஒட்டிய ஜெல்ட்ரியா ஐரோப்பியக் கோட்டையாகத்தான் தெரியும். உப்புக்காற்று அரித்த காரையும், செம்புராங்கல்லின் துளைகளும், பனையோலை வேய்ந்த கூரையும் எந்தத் தளத்திலும் அப்படியே கிடைக்காது. எடுத்த படத்தின் உரிமையும் உங்களுக்கே. மேகம் மூடிய நேரத்தில், சுவருக்கு நேராக நின்று எடுங்கள். வெயிலில் எடுத்தால் நிழல் படத்திலேயே பதிந்துவிடும். மாதிரியில் விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த நிழல் நகராது. கல்லறைத் தோட்டத்தில் படப்பிடிப்பு நடத்தவோ ட்ரோன் பறக்கவிடவோ தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் பறவைகள் சரணாலயமும் பக்கத்திலேயே இருப்பதால், ட்ரோனை எடுக்குமுன் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பாருங்கள். கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. உள்ளே படமெடுக்க நிர்வாகத்திடம் கேட்டாக வேண்டும்.

இதே சட்டம் உங்கள் பக்கமும் நிற்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது உருவாக்கிய மாதிரி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். தனியாக ஒப்பந்த வேலையாகச் செய்த மாதிரியோ எழுத்துமூலம் எழுதிக் கொடுக்காதவரை உங்களுடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு இது பொருந்தாது, அதில் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. டெக்ஸ்சர் படம் எடுத்துத் தர ஒப்புக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். உங்கள் மாதிரியை வேறொருவர் தளத்தில் ஏற்றியிருந்தால் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். 2013 விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் தளம் மீண்டும் திறந்துவிடலாம். வழக்கை எதிராளியின் ஊரில் போய்த் தொடுக்க வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். அசல் கோப்புகளும் படமெடுத்த தேதியும் அங்கே சாட்சியாகும். பணம் தராமல் இழுத்தடித்தால், வேலைக்கு முன்பே சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிந்து வைத்திருப்பவர் சிறு, குறு தொழில் வசதியாக்க மன்றத்தை நாடலாம். 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி கேட்கலாம். ‘வேலை தருகிறோம், முதலில் முன்பணம் கட்டு’ என்று ஏமாற்றியவர்கள்மீது 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். 15100-ஐ அழைத்தால் திருவள்ளூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகும் வழியைச் சொல்வார்கள்.