சராசரிக்குள் அடங்காத முறிவு

1990-இல் விண்ணுக்குப் போன ஹப்பிள் தொலைநோக்கியில் ஆண்டெனாவைத் தாங்கும் தண்டு, கார்பன் இழைகள் பதித்த அலுமினியத்தால் ஆனது. இப்படி உலோகத்துக்குள் இழையோ துகளோ சேர்த்து வலுவூட்டிய பொருள்கள் சுமைக்கு எப்படி வளையும், எப்போது முறியும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? வளைவதைப் பெரும்பாலும் கணக்கிட்டுவிடலாம். முறிவைக் கணக்கிட, கலவையின் விகிதம் மட்டும் தெரிந்தால் போதாது என்பதே என் வாதம்.

அலுமினியத்தின் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கல். சிலிக்கான் கார்பைடு என்ற பீங்கானுக்கு அது சுமார் 450. நூற்றுக்கு இருபது பங்கு பீங்கான் துகளைச் சேர்த்தால் என்ன கிடைக்கும்? இரண்டும் ஒரே அளவு நீள்கின்றன என்று கொண்டால் 146 வருகிறது. இது 1889-இல் ஃபோக்ட் காட்டிய வழி. இரண்டும் ஒரே தகைவை, அதாவது பரப்பின் ஓர் அலகுக்கு ஒரே விசையை, தாங்குகின்றன என்று 1929-இல் ராய்ஸ் எடுத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் 84. சோதனையில் கிடைப்பது 100-ஐ ஒட்டிய மதிப்பு. 1963-இல் ஹஷினும் ஷ்ட்ரிக்மனும் 84-க்கும் 146-க்கும் நடுவிலான இடைவெளியை மேலும் சுருக்கினார்கள். இழைகள் சுமையின் திசையிலேயே நீளமாகக் கிடந்தால் ஃபோக்டின் கணக்கே ஏறக்குறைய சரியாக வரும்.

முறிவின் கதை வேறு. உருகிய கலவை ஆறும்போது அலுமினியம், பீங்கானைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சுருங்கப் பார்க்கும். அதனால் வெளியிலிருந்து ஒரு சுமையும் ஏறுவதற்கு முன்பே உள்ளே இழுவிசை குடியேறிவிடுகிறது. உறையும் உலோகம் துகள்களை ஒதுக்கித் தள்ளுவதால் அவை அங்கங்கே கொத்தாகச் சேர்கின்றன. கொத்துக்குள் சிக்கிய அலுமினியம் நெகிழ இடமின்றித் திணறும்; அங்கே நுண்துளைகள் திறக்கும்; பெரிய துகள்கள் விரிசல் விடும். ஒரே விகிதமும் ஒரே விறைப்பும் கொண்ட இரண்டு வார்ப்புகளில் ஒன்று நன்றாக நீண்ட பிறகு முறியலாம், மற்றொன்று சட்டென்று முறியலாம். காரணம், முறிவு மிக மோசமான ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது; சராசரி எடுக்கும்போது அந்த இடம்தான் மறைந்துபோகிறது.

நேரே சோதித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் துகளின் அளவு, பங்கு, பரவல், வெப்பப் பதப்படுத்தல் ஆகிய அனைத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்து முடிக்க இயலாது. உடைந்த துண்டும் காரணத்தை முழுதாகச் சொல்லாது. நுண்ணோக்கிப் படத்தையே கணினிக்குள் கொண்டுவந்து துகள் துகளாகக் கணக்கிடலாமே என்பது இன்னொரு கேள்வி. அது சரியான வழிதான். ஆனாலும் துகளும் உலோகமும் ஒட்டும் பரப்பு எவ்வளவு உறுதியானது என்பதை அளப்பது கடினம். உருகிய அலுமினியம் அதிக வெப்பத்தில் நெடுநேரம் நின்றால் அந்தப் பரப்பில் நொறுங்கும் இயல்புள்ள அலுமினியம் கார்பைடு உருவாகிவிடும். படத்தை மட்டும் வைத்து அதன் பலவீனத்தை அளக்க முடியாது.

ஆகவே இத்தகைய பொருளை வாங்குபவர்கள் பங்கு விகிதத்தோடும் விறைப்பு எண்ணோடும் நின்றுவிடக் கூடாது. துகள் பரவலைக் காட்டும் நுண்ணோக்கிப் படத்தையும் முறிவுச் சோதனை முடிவுகளையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.